வாப்பாவின் கெப்பும் என் கணக்குக் கொப்பியும்

பழைய வாகனம் ஒன்று நிற்கும் வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கேள்வி எழும். இதை வைத்திருப்பதா, கொடுத்துவிட்டு வேறொன்று எடுப்பதா? எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி சென்ற வருடம் முழுவதும் ஓயவில்லை. கேள்விக்குக் காரணம் வாப்பாவின் கெப் வண்டி. 1994 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்டது. நான் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 2007 இல், வாப்பா அதைப் பதின்மூன்று இலட்சம் ரூபாவுக்கு வாங்கினார். அப்போதே அதற்குப் பதின்மூன்று வயது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது.

நாங்கள் இருப்பது சம்மாந்துறையில். சேனநாயக்க சமுத்திரத்து நீர் பாயும் வயல்களில் ஏழு ஏக்கர் எங்களுடையது. பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் செய்கிறோம். விதைநெல், உரம், மருந்து, சாப்பாட்டுப் பானை எல்லாம் வயலுக்குப் போவது கெப்பில்தான். அறுவடை முடிந்தால் வீட்டுத் தேவைக்கான நெல் மூடைகள் திரும்பி வருவதும் அதில்தான். எங்கள் வேலை இல்லாத நாட்களில் வாப்பா பிறருக்கும் ஹயர் ஓடுவார். அயலில் ஒருவர் வீடு கட்டினால் சீமெந்தும், ஒரு வீட்டில் கலியாணம் என்றால் கதிரைகளும் அதில் ஏறும்.

இப்படியொரு வண்டியைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. "குடுத்துப் போடுங்க" என்பது உம்மாவின் கருத்து. அதற்கு வலுவான காரணமும் அவரிடம் இருந்தது. மூத்தம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்த ஓர் இரவு, இரண்டு மணிக்கு, கெப் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியில்தான் மூத்தம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், மூத்தம்மா சுகமாகத் திரும்பி வந்தார். உம்மா மட்டும் அந்த இரவை மறக்கவில்லை. "எனக்கு வண்டி புதுசா பழசா என்டது பிரச்சினை இல்ல. ராவைக்கு எழுப்பினா எழும்புற வண்டிதான் வேணும்" என்பார்.

மாமாவின் கருத்து நேரெதிர். "இந்தக் காலத்துல இப்படி ஒரு இரும்பு கிடைக்குமா? தண்ணிக்குள்ளாலயும் போற வண்டி, இத ஏன் விக்கிற?" என்று அவர் கேட்பார். வாப்பா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்.

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். கணக்கீடு என் பாடங்களில் ஒன்று. சென்ற வருடம் ஜனவரி மாதம் வாப்பா ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பியை என்னிடம் தந்து, "வண்டிக்குப் போற காசு, வண்டியால வாற காசு, ரெண்டையும் எழுதுங்க மகள். வருஷம் முடியப் பார்த்துப் பேசுவம்" என்றார். அதுவரை வீட்டில் இதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் ஞாபகத்தை வைத்தே பேசினார்கள். உம்மாவுக்கு அந்த இரவு ஞாபகம். மாமாவுக்கு வண்டி சேற்றைத் தாண்டிய நாள் ஞாபகம். கொப்பிக்கு அப்படி விருப்பு வெறுப்பு கிடையாது.

கணக்கு எழுதத் தொடங்கியதும் முதலில் எனக்கு நினைவு வந்தது பெறுமானத் தேய்வு. வகுப்பில் நேர்கோட்டு முறையைப் படித்திருக்கிறோம். பதின்மூன்று இலட்சத்துக்கு வாங்கிய வண்டி பத்து வருடம் உழைக்கும், கடைசியில் ஒரு இலட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், வருடம் ஒன்றுக்கு 120,000 ரூபா தேய வேண்டும். அந்தக் கணக்கின்படி 2017 இல் எங்கள் கெப் ஒரு இலட்சம் ரூபாப் பெறுமதியான பழைய இரும்பு. ஆனால் 2025 இல் வீட்டுக்கு வந்த தரகர் ஒருவர் அதற்கு முப்பத்திரண்டு இலட்சம் தருவதாகச் சொன்னார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நாட்டின் கதையே அதற்குள் இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிதாக வண்டி வராத நாட்டில் உள்ள வண்டிகளுக்கு விலை ஏறியது. 2022 இல் சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலர் ஒன்று இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்று அறுபது ரூபா அளவுக்குப் போனது. ஜப்பானிலிருந்து வரும் பொருளின் விலையும் அதனோடு சேர்ந்து ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆனால் இறக்குமதித் தீர்வை, மேலதிக வரி, உற்பத்தித் தீர்வை, அவற்றின் மேல் பெறுமதி சேர் வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்போது, புதிய டபுள் கெப் எங்களைப் போன்றவர்கள் விலை கேட்கும் தூரத்தில்கூட இல்லை.

முப்பத்திரண்டு இலட்சம் என்று கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. வாங்கிய விலையை விட இரண்டரை மடங்கு! அன்றிரவு கொப்பியில் நான் ஒரு வரி எழுதி வைத்தேன்: "விலை கூடியது எங்கள் வண்டிக்கு மட்டுமல்ல, நாங்கள் வாங்கப் போகும் வண்டிக்கும்தான்." நெல் விலை ஏறினால் விற்பவருக்கு இலாபம். ஆனால் விற்ற கையோடு அதே நெல்லைத் திரும்ப வாங்க வேண்டியவருக்கு அதில் என்ன இலாபம்? வண்டியும் அப்படித்தான். விற்றுவிட்டு வண்டியே இல்லாமல் இருக்க முடிந்தவருக்குத்தான் அந்த ஏற்றம் கையில் நிற்கும்.

வருடம் முடிந்ததும் செலவைக் கூட்டினேன். நான்கு ரயர் 140,000 ரூபா. டீசல் பம்பும் நொசிலும் திருத்தியது 65,000. கறள் பிடித்த இடங்களை வெட்டி ஒட்டியது 60,000. கிளச் 48,000. பற்றரி 45,000. பிரேக் 36,000. ரேடியேற்றர் 22,000. பெல்ட், ஒயில், பல்ப், பெயர் தெரியாத சின்னச் சாமான்கள் 34,000. மொத்தம் 450,000 ரூபா. உம்மா இந்தத் தொகையைப் பார்த்ததும், "நான் சொன்னன் தானே" என்றார்.

அதற்குப் பதில் சொல்வதற்கு வகுப்பில் படித்த இன்னொரு பாடம் உதவியது. ஒரு வருடத்தில் காசு கொடுத்தோம் என்பதற்காக அது முழுவதும் அந்த வருடத்துச் செலவாகிவிடாது. ரயர் நான்கு வருடம் ஓடும். பற்றரி மூன்று வருடம் இருக்கும். பம்ப் வேலை ஐந்து வருடத்துக்கு, கிளச் நான்கு வருடத்துக்கு என்று கராஜில் கேட்டுப் பிரித்தேன். அப்படிப் பிரித்தபோது ஒரு வருடத்துக்குரிய திருத்தச் செலவு 227,000 ரூபாவாக வந்தது.

உம்மாவின் பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டுமே! வண்டி கராஜில் நின்ற இருபத்து மூன்று நாட்களில் வேறு வண்டி பிடித்ததற்கு 70,000 ரூபா போயிருந்தது. எங்கள் கெப் ஒரு லீட்டர் டீசலுக்கு ஒன்பது கிலோமீற்றர்தான் ஓடும். புதியது ஒன்று பன்னிரண்டு ஓடும் என்று வைத்தால், வருடத்துக்கு 12,000 கிலோமீற்றருக்கு நாங்கள் 333 லீட்டர் கூடுதலாக ஊற்றுகிறோம். லீட்டர் 280 ரூபா என்ற கணக்கில் அது ஏறத்தாழ 93,000 ரூபா. ஆக, வண்டி பழையது என்பதற்காக நாங்கள் கொடுக்கும் விலை வருடத்துக்கு 390,000 ரூபா. மாதத்துக்கு 32,500.

இனி மாற்றி எடுக்கும் வழியைப் பார்த்தோம். ஒரு வாகன விற்பனை நிலையத்தில் எங்கள் கெப்பை முப்பத்திரண்டு இலட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, இருபது வருடம் குறைந்த ஒன்றை எண்பத்தைந்து இலட்சத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். மிச்சம் ஐம்பத்து மூன்று இலட்சம். அதை லீசிங்கில் போட்டால் ஐந்து வருடத்துக்கு மாதம் 120,000 ரூபா. அறுபது மாதத்தில் எழுபத்திரண்டு இலட்சம். ஐம்பத்து மூன்றுக்கு மேலே போகும் பத்தொன்பது இலட்சமும் வட்டி. வாப்பா அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வட்டியில்லாத முறையும் இருக்கிறதே என்று மாமா சொன்னார். உண்மைதான். இஜாரா முறையில் நிறுவனம் வண்டியைத் தானே வாங்கி எங்களுக்கு வாடகைக்குத் தரும். தவணைகள் முடிய அது எங்களுக்கு உரித்தாகும். விசாரித்தோம். அதிலும் மாதத் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அப்போது வாப்பா சொன்னது இந்த ஒரு வருடத்தில் நான் கேட்டவற்றுள் மிகவும் யோசிக்க வைத்தது: "ஹலாலான முறைதான். ஆனா மகள், வயல் மாசாமாசம் சம்பளம் தாறதில்ல."

பாடப்புத்தகத்தில் காசுப் பாய்ச்சல் என்று படித்ததை வாப்பா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். எங்களுக்குக் காசு வருவது வருடத்தில் இரண்டு தடவை. தவணை வருவதோ பன்னிரண்டு தடவை. இரண்டு அறுவடைக்கும் நடுவில் உள்ள மாதங்களில் வீட்டுக்கு எது கிடைக்கிறதோ இல்லையோ, வண்டிக்குக் கட்டியே ஆக வேண்டும். அறுவடை பிழைத்தால்? அதுவும் கற்பனை அல்ல. 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்ததை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. அதிலிருந்து எழும்ப முன் 2022 வந்தது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீட்டர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபா. அந்த விலைக்கும் டீசல் கிடைக்காமல் வாப்பா வரிசையில் கெப்புக்குள்ளேயே இரண்டு இரவு படுத்தார். அந்த இரண்டு வருடங்களிலும் எங்களுக்கு மாதத் தவணை ஒன்று இருந்திருந்தால், வண்டி மட்டுமல்ல, காணியில் ஒரு துண்டும் போயிருக்கும்.

இவ்வளவும் பார்த்தால் வைத்திருப்பதே சரி என்று தோன்றும். ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. விற்றுவிட்டு வேறு வாங்காமலே இருப்பது. தேவைப்படும்போது ஹயர் பிடிப்பது. இதை முதலில் சொன்னது உம்மா. ராத்தாவுக்குக் கட்டும் வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது. முப்பத்திரண்டு இலட்சம் வந்தால் கூரை போட்டு, நிலமும் பூசி, கதவும் போட்டுவிடலாம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு என்பது பெற்றோருக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதை இந்த மலரை வாசிக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொருளியலில் அமையச் செலவு என்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடும் அடுத்த சிறந்த தெரிவு. எங்கள் கெப்பின் அமையச் செலவு ராத்தாவின் கூரை.

ஆகவே அதையும் கணக்குப் பார்த்தேன். சென்ற வருடம் எங்கள் சொந்த வேலைக்கு கெப் 140 தடவை போயிருக்கிறது. சராசரியாக ஒரு ஹயருக்கு 4,000 ரூபா என்றால் 560,000 ரூபா. கெப்பை வைத்திருந்தால் திருத்தம் 227,000, டீசல் 373,000, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 40,000, கராஜில் நின்ற நாட்களுக்கு 70,000. ஆக 710,000 ரூபா. அதில் வாப்பா பிறருக்கு ஓடி எடுத்த 310,000 ரூபாவைக் கழித்தால் 400,000. வைத்திருந்தால் வருடத்துக்கு 160,000 ரூபா மிச்சம். ஆனால் முப்பத்திரண்டு இலட்சம் வண்டியாகவே முடங்கி நிற்கும். கணக்கை மட்டும் பார்த்தால் உம்மா சொன்ன வழி மோசமானதல்ல. இதை நான் வாப்பாவிடமும் அப்படியே சொன்னேன்.

கணக்குக்குள் வராத ஒன்றை வாப்பா சொன்னார். வெட்டு மெஷின் எங்கள் வட்டைக்குள் இறங்கும் கிழமையில் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். வானம் இருண்டு வரும்போது யாருடைய மூடை முதலில் ஏறுவது? 4,000 ரூபா ஹயர் அன்று இரட்டிப்பாகும். அதற்கும் வண்டி வராது. நனைந்த நெல்லுக்குக் கடைக்காரர் சொல்லும் விலை எல்லாருக்கும் தெரியும். மற்ற 130 நாட்களுக்கு ஹயர் பிடிக்கலாம். அந்தப் பத்து நாட்களுக்குச் சொந்த வண்டி வேண்டும். அந்தப் பத்து நாட்களில்தான் வருடத்துச் சாப்பாடு இருக்கிறது.

முடிவை நெருங்க வைத்தது ராத்தா. உம்மாவும் வாப்பாவும் பேசிக்கொண்டிருந்தபோது தேநீர் கொண்டுவந்து வைத்தவர், நின்ற நிலையிலேயே சொன்னார்: "என்ட கூரைக்காக வண்டிய விக்க வேணாம் வாப்பா. வண்டி ஓடினாத்தானே ஒவ்வொரு போகத்துக்கும் கூரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா காசு வரும்." உம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

ஆனாலும் வைத்திருப்பது என்றால் எதை நம்பி வைத்திருப்பது? அதைக் கராஜில் கேட்டோம். இருபது வருடமாக இந்த வண்டியைத் திருத்தும் பாஸ் அவர். "எஞ்சினுக்குப் பயப்படாதீங்க. பழைய டீசல் எஞ்சின். இதுக்குள்ள கொம்பியூட்டர் இல்ல. எது உடைஞ்சாலும் கையால கழட்டிப் பூட்டலாம். செசியப் பாருங்க. எஞ்சின் போனா வேற எஞ்சின் போடலாம். செசி போனா வண்டியே போச்சு" என்றார். ஒரு சின்னச் சுத்தியலால் செசியை நெடுகத் தட்டிக் காட்டினார். நல்ல இரும்பு மணிபோலக் கணீர் என்றது. கறள் தின்ற இடம் பொத்தென்றது. பின்பெட்டிக்குக் கீழே இரண்டு இடம் அப்படிச் சத்தமிட்டன. கடற்காற்றும் வயற்சேறும் ஒரு பக்கம், உரம் இன்னொரு பக்கம். சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். உரம் ஏற்றிய அன்றே பெட்டியையும் அடியையும் தண்ணீரால் கழுவ வேண்டும் என்றார். அந்த வேலை இப்போது என்னுடையதும் தம்பியுடையதும்.

அந்தக் கறள் இன்னொரு விடயத்தையும் வெளியே கொண்டுவந்தது. முப்பத்திரண்டு இலட்சம் சொன்ன தரகர் மறுபடியும் வந்தபோது வாப்பா கறள் பிடித்த இடங்களைக் காட்டினார். தரகர் சிரித்தார். "இதுக்கென்ன, அடியில கறுப்பு மை அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. எஞ்சினையும் கழுவி விடுங்க" என்றார். வாப்பா, "வாங்கிறவருக்கும் பிள்ள குட்டி இருக்கும்" என்று மட்டும் சொன்னார். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நாங்கள் எல்லாரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கச் சொன்னார்கள். எங்கள் நாளில் அந்த ஈரம் செசிக்கு அடியில் இருக்கிறது. கறளைச் சொல்லி விற்றால் முப்பத்திரண்டு இலட்சம் கிடைக்காது. அதனால் என் கொப்பியில் அந்தத் தொகையை வெட்டி, இருபத்தாறு இலட்சம் என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் கிடைக்கும் விலைதான் ஒரு பொருளின் விலை.

மாமா சொன்ன தண்ணீர்க் கதைக்கும் வாப்பா பதில் சொன்னார். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு நீரில் அடித்துச் செல்லப்பட்ட மத்ரசா மாணவர்களை நினைக்காமல் எங்கள் பகுதியில் யாரும் அந்தப் பாதையைக் கடப்பதில்லை. உயரமான வண்டி என்ற நம்பிக்கை ஓடும் தண்ணீருக்கு முன்னால் நிற்காது. "தண்ணிக்குள்ளால போகும் என்டத இந்த வண்டிட நன்மையில எழுத வேணாம்" என்று வாப்பா என்னிடம் சொன்னார். நானும் எழுதவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் எல்லாரும் இருந்து பேசி முடிவெடுத்தோம். கெப்பை வைத்திருப்பது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதி வாப்பா கையொப்பமிட்டார்.

ஒன்று, பிரேக், ரயர், ஸ்டியரிங் மூன்றுக்கும் காசு பார்ப்பதில்லை. வேறு எதையும் பிற்போடலாம், இவற்றைப் பிற்போடுவதில்லை. இரண்டு, பின்பெட்டியில் ஆட்கள் ஏறுவதில்லை, பிள்ளைகள் அறவே இல்லை. கொழும்புப் பயணத்துக்கு பஸ். ஓடும் தண்ணீரில் வண்டி இறங்காது. மூன்று, இரவில் வைத்தியசாலைத் தேவை என்றால் பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டி. அவருடன் பேசி, அவருடைய இலக்கம் உம்மாவின் போனில் முதலாவதாக இருக்கிறது. நான்கு, ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்னர் செசியைத் தட்டிப் பார்ப்பது. ஓடக்கூடாது என்று பாஸ் சொல்லும் நாளில், அல்லது ஒரு வருடத்துத் திருத்தம் ஐந்து இலட்சத்தைத் தாண்டும் வருடத்தில், வண்டியைக் கொடுத்துவிடுவது. ஐந்து, ஒவ்வொரு அறுவடையிலும் ஒன்றரை இலட்சம் ரூபாவை அடுத்த வண்டிக்காக வேறாக எடுத்து வைப்பது.

நான்காவது வரியை ஏன் இப்போதே எழுதினோம் என்று தம்பி கேட்டான். வண்டி பழுதாகி நிற்கும் நாளில் மனிதர் சரியாக யோசிப்பதில்லை. "போன மாசம்தானே கிளச் போட்டம், இன்னும் ஒரு அம்பதாயிரம் போட்டா சரிவரும்" என்றுதான் மனம் சொல்லும். போன காசு திரும்பி வராது. அதைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு காசை அனுப்புவதுதான் பழைய சாமான்கள் மனிதரைப் பிடித்து வைத்திருக்கும் வழி. அதனால் எல்லைக்கோட்டை வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே போட்டுவிட வேண்டும்.

ஒரு வருடம் கணக்கு எழுதியதில் எனக்கு விளங்கியது இதுதான். வண்டிக்கு எத்தனை வயது என்று கேட்டுக்கொண்டிருந்த வரையில் எங்கள் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. அதற்கு என்ன வேலை என்று கேட்ட பின்னர்தான் விடை வரத் தொடங்கியது. வயலுக்குப் போய் வருவதற்கு இந்தக் கெப் போதும். இரவில் மூத்தம்மாவைக் கொண்டு போவதற்குப் போதாது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போவதற்கும் போதாது. போதும் என்ற வேலையைக் கொடுத்து, போதாத வேலையிலிருந்து அதை விடுவித்தோம். இதில் உம்மாவும் தோற்கவில்லை, மாமாவும் தோற்கவில்லை.

இந்த மலரை வாசிக்கும் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் ஒரு பெரிய பொருளை வைப்பதா விற்பதா என்று பேசும்போது "பிள்ளைகள் படிக்கட்டும்" என்று எங்களை அறைக்குள் அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்துங்கள். ஒரு கொப்பியைக் கையில் தாருங்கள். பரீட்சைக்காக நாங்கள் பாடமாக்கும் பெறுமானத் தேய்வும் அமையச் செலவும் உங்கள் கவலைகளின் வேறு பெயர்கள்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கும். எங்கள் மகளுக்குக் கணக்குத் தெரியும் என்று வாப்பா கராஜில் சொன்னதைக் கேட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, தவணைப் பரீட்சையில் வாங்கிய எந்தப் புள்ளிக்கும் குறைந்ததல்ல.

இதை எழுதும் கிழமையில் கொப்பியில் இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. ரேடியேற்றர் ஹோஸ் ஒன்று, 1,800 ரூபா. அதற்குக் கீழே, அறுவடைக் காசிலிருந்து அடுத்த வண்டிக்காக எடுத்து வைத்தது, 150,000 ரூபா.